முன்னே ஒரு சொல், பின்னே ஒரு சொல்!

வெளிமாநிலத்துக்குப் பிழைக்க வந்த தமிழருக்கு இரண்டு மொழிகள் தேவைப்படுகின்றன. கடைத்தெருவுக்குக் கன்னடமோ மராத்தியோ இந்தியோ வேண்டும். காரியாலயத்துக்கு ஆங்கிலம் வேண்டும். கடைத்தெருவில் ஒரு சொல் தவறினால் சிரித்துவிட்டுப் போவார்கள். காரியாலயத்தில் தவறினால் அது ஃபைலில் ஏறிவிடும்!

அந்த ஆங்கிலத்தில் பெரிய சொற்கள் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. அகராதியைப் புரட்டினால் அகப்பட்டுவிடும். ஏமாற்றுபவை சின்னஞ்சிறு சொற்கள்தான். வினைச்சொல்லுக்கு முன்னே மே, மஸ்ட், ஷுட் என்று ஒன்று நிற்கும். பின்னே அப், ஆஃப், ஓவர் என்று ஒன்று நிற்கும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் வினையை மட்டும் படிப்பவர், கடிதத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளவும் நேரும்.

இந்தத் தொல்லை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிறு சொற்கள் அயல்நாட்டாருக்கு மிகவும் கடினமானவை என்று அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தமிழிலும் உண்டு

இத்தகைய வினைகளுக்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 'விட்டுக்கொடு' என்கிறோம். அதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தருகின்றன. 'தள்ளிப்போடு' என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் 'புட்' என்றால் போடு. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு!

ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். தள்ளிப்போட்டார், தள்ளிப்போடுவார், தள்ளிப்போட வேண்டும் என்னும்போது தமிழில் கடைசிச் சொல் மாறுகிறது. 'தள்ளி' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் முதற்சொல் மாறும், கடைசிச் சொல் மாறாது. 'கிவ் அப்' என்பது 'கேவ் அப்' ஆகும், 'கிவன் அப்' ஆகும். 'அப்' மட்டும் அப்படியே நிற்கும்.

முன்சொல் வந்தால்...

கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட். இந்த ஒன்பதில் எது முன்னால் வந்தாலும், அடுத்து வரும் வினை மாற்றம் எதுவும் இல்லாத மூல வடிவில் இருக்க வேண்டும். 'ஹி மஸ்ட் ஹேண்ட் ஓவர் த கேஷ்' என்பது சரி. 'மஸ்ட் ஹேண்ட்ஸ் ஓவர்' தவறு. 'மஸ்ட் டு ஹேண்ட் ஓவர்' தவறு. 'வில் கேவ் அப்' என்பதும் தவறு.

செயப்பாட்டு வினையில் நடுவில் 'பி' நுழையும். அப்போது வினையின் மூன்றாவது வடிவம் வரும். 'த கேஷ் மஸ்ட் பி ஹேண்டட் ஓவர்' என்றால் பணம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று பொருள். காரியாலயக் கடிதங்களில் மிகுதியாக வருவது இந்த அமைப்புதான். யார் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமலே உத்தரவு போட்டுவிடலாம் அல்லவா!

'அது' எங்கே நிற்கும்?

'ஹேண்ட் ஓவர் த கீ' என்றும் எழுதலாம், 'ஹேண்ட் த கீ ஓவர்' என்றும் எழுதலாம். ஆனால் சாவி என்று சொல்லாமல் 'அது' என்று சொன்னால் ஒரே வழிதான். 'ஐ வில் ஹேண்ட் இட் ஓவர்' என்றே எழுத வேண்டும். 'ஹேண்ட் ஓவர் இட்' என்பது ஆங்கிலம் ஆகாது.

எல்லா வினைகளும் இப்படிப் பிரிந்து வழிவிடுவதில்லை. பார்த்துக்கொள் என்ற பொருளில் வரும் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. 'யூ மஸ்ட் லுக் ஆஃப்டர் இட்' என்பதே சரி. ஆகவே, வினையைப் படிக்கும்போதே பிரியுமா பிரியாதா என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது.

சாவி யாரிடம்?

இலக்கணப் பிழையை மேலதிகாரி மன்னிக்கலாம். பொருள் மாறினால் நிலைமை வேறு.

ஸ்டோர் சாவியைக் காணவில்லை. முதல்நாள் வேலை முடித்துப் போன நண்பரைப் பற்றிக் குமாஸ்தா ஒருவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவர் சாவியை ஒப்படைத்திருக்க வேண்டும்" என்பது அவர் மனத்தில் உள்ள வாக்கியம். நிச்சயம் ஒப்படைத்திருப்பார் என்று நண்பருக்குப் பரிந்து பேசவே அவர் விரும்புகிறார்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹி மஸ்ட் ஹேவ் ஹேண்டட் ஓவர் த கீ' என்று எழுத வேண்டும். 'மஸ்ட்' இருந்த இடத்தில் 'ஷுட்' போட்டுவிட்டால், ஒப்படைத்திருக்க வேண்டியவர் ஒப்படைக்கவில்லை என்ற குற்றச்சாட்டாக அது படிக்கப்படும்! தமிழ் வாக்கியம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒன்று நண்பரைக் காப்பாற்றும், மற்றொன்று மாட்டிவிடும்.

'மஸ்ட் நாட்' என்பதும் அப்படித்தான். "மோட்டாரை அணைக்க வேண்டாம்" என்று தமிழில் சொன்னால், அணைக்கவே கூடாது என்றும் கொள்ளலாம், அணைக்கும் அவசியம் இல்லை என்றும் கொள்ளலாம். 'மஸ்ட் நாட் ஸ்விட்ச் ஆஃப்' என்பது கண்டிப்பான தடை. 'நீட் நாட் ஸ்விட்ச் ஆஃப்' என்றால் அணைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு இந்த வேற்றுமை உயிர் சம்பந்தப்பட்டது.

நோட்டீஸ் போர்டில்...

"ஸ்ட்ரைக் மே பி புட் ஆஃப்" என்றால் வேலைநிறுத்தம் தள்ளிப்போடப்படலாம். "மே பி கால்ட் ஆஃப்" என்றால் கைவிடப்படலாம். இரண்டிலும் பின்னே 'ஆஃப்' இருக்கிறது. இங்கே நடுவில் உள்ள வினைதான் பொருளை மாற்றுகிறது. முன்னே 'மே' இருப்பதால் எதுவும் முடிவாகவில்லை. அது 'வில்' ஆனால் முடிவாகிவிட்டது.

தொழிலாளர் நெஞ்சைத் திடுக்கிட வைப்பது 'லே ஆஃப்'. அமெரிக்கச் செய்திகளில் இந்தச் சொல் பெரும்பாலும் வேலை போய்விட்டது என்ற பொருளில் வரும். நம் நாட்டுச் சட்டத்தில் பொருள் வேறு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்த்த பிரிவுகளின்படி, மின்சாரம், நிலக்கரி, மூலப்பொருள் பற்றாக்குறை, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் நிர்வாகம் வேலை கொடுக்க முடியாமல் போவதே லே ஆஃப். தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் இருந்துகொண்டே இருக்கும். அது ஆள்குறைப்பு அல்ல. 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே பொருளைத்தான் கொள்கிறது.

50 பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் தொழிற்சாலைகளில், ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த, பத்லி அல்லாத தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 50 சதவிகிதம் நஷ்டஈடு என்பதே சட்டத்தின் பொது விதி. ஆகவே 'மே பி லெய்ட் ஆஃப்' என்று நோட்டீஸ் வந்தால், கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிடக் கூடாது. 'மே'யா 'வில்'லா என்று முதலில் பார்க்க வேண்டும். எத்தனை நாளைக்கு என்று அடுத்தபடியாகக் கேட்க வேண்டும்.

இந்தியாவின் 'புட் அப்'

இந்தியக் காரியாலயங்களுக்கே உரிய வழக்கும் ஒன்று உண்டு. 'த ஃபைல் மே ப்ளீஸ் பி புட் அப்' என்று அதிகாரி குறிப்பு எழுதுவார். ஃபைலை அவர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று பொருள். 'மே' என்று இருக்கிறதே, விருப்பம் இருந்தால் வைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அது மரியாதையாகச் சொல்லப்பட்ட உத்தரவு! இங்கிலாந்துக்காரரிடம் இதே வாக்கியத்தைக் காட்டினால் விழிப்பார். அவருக்கு 'புட் அப்' என்றால் கட்டி நிறுத்துவது, அல்லது விருந்தாளியைத் தங்கவைப்பது. பின்னால் 'வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது என்று ஆகிவிடும்.

ஆதலால் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. காரியாலயத்தில் கண்ணில் படும் வாக்கியத்தை முன்சொல், வினை, பின்சொல் மூன்றும் சேர்த்து அப்படியே ஒரு சிறு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ்ப்பொருளைக் குறித்துவைக்கலாம். நாளுக்கு ஒன்று போதும். அடுத்த முறை மெமோவுக்குப் பதில் எழுத உட்காரும்போது, 'மஸ்ட்' போடுவதா 'ஷுட்' போடுவதா என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிராது.