ஓர் அணுவின் தடிமனிலிருந்து பூமியின் அகலம் வரை

ஊதுவத்திப் புகை சுருள்வதும் வங்கக் கடலில் புயல் சுழல்வதும் பாய்மத்தின் சுழல்கள்தான். உராய்வே இல்லாத பாய்மத்தில் சுழல் நடுவழியில் தொடங்கவோ முடியவோ இயலாது. வளையமாக மூடிக்கொள்ளும், அல்லது விளிம்பைத் தொடும் என்று ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1858இல் நிறுவினார். நீரிலும் காற்றிலும் பிசுபிசுப்பு என்ற உள்ளுராய்வு உண்டு. அதனால் சுழல்கள் தேய்ந்து மறைகின்றன.

பிசுபிசுப்பு அற்றுப்போகும் இடம் திரவ ஹீலியம். 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ மைனஸ் 271 டிகிரி செல்சியஸில், அது மீபாய்மமாகிறது. வாளியில் ஊற்றிச் சுழற்றினால் தண்ணீர் முழுதுமாகச் சுழலும். மீபாய்மத்திலோ இழை இழையாகச் சுழல்கள் முளைக்கும். ஒவ்வோர் இழையின் நடுப்பகுதியும் ஓர் அணு அளவே தடிமன். எல்லாவற்றின் சுழற்சி வலிமையும் ஒன்றே: குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்தால் வரும் எண். வாளியை வேகமாகச் சுழற்றினால் இழைகளின் எண்ணிக்கைதான் கூடும். 1979இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் அவற்றின் வரிசையைப் படமெடுத்தனர்.

எல்லா இழைகளுக்கும் ஒரே வலிமை என்ற இந்த அளவுக்கட்டுப்பாட்டை 1949இல் ஒரு கட்டுரையில் முதலில் சொன்னவர் அறிவியலாளர் லார்ஸ் ஆன்சாகர். அதைவிட வியப்பான ஒன்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆற்றுவெள்ளம் போன்ற முப்பரிமாணக் கொந்தளிப்பில் பெரிய சுழல் சிறிதாக உடைந்து, கடைசியில் வெப்பமாகிக் கரையும். மெல்லிய தகடு போன்ற பாய்மத்தில் நடப்பது நேர்மாறானது: ஒரே திசையில் சுழல்பவை ஒன்றுகூடிப் பெரிதாகும். 2019இல் ஆஸ்திரேலியாவின் இரு குழுக்கள் மீக்குளிர் அணுத்திரளில் இதை நேரில் கண்டன.

கோள்களின் வளிமண்டலமும் அகலத்தோடு ஒப்பிட்டால் தகடுதான். கோளின் சுழற்சி சுழல்களுக்குத் திசையும் கொடுக்கிறது. வட அரைக்கோளப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவது அதனால்தான். (கைகழுவும் தொட்டியில் வடியும் நீருக்கு இது பொருந்தும் என்பது வெறும் கதை. 1962இல் மசாசூசெட்ஸில் ஷப்பிரோ என்ற பொறியாளர் பூமியின் விளைவைத் தொட்டியில் காட்ட, நீரை ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டியிருந்தது.)

தகடு போன்ற பாய்மத்தில் எதிர்பார்ப்பதைப் போலவே, வியாழனின் மாபெரும் சுழலான பெருஞ்செம்புள்ளி சிறு சுழல்களை விழுங்குவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. ஆயினும் அது சுருங்கி வருகிறது: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 40,000 கி.மீ. நீளமிருந்தது, 2017இல் ஏறத்தாழ 16,000 கி.மீ. அப்போதும் பூமியைவிட அகலம்தான். 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் கண்டதோ வேறு விதம். வடதுருவத்தில் ஒரு புயலைச் சுற்றி எட்டு, தென்துருவத்தில் ஒன்றைச் சுற்றி ஐந்து. ஒரே திசையில் சுழன்றும் அவை ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொரு புயலையும் சூழ்ந்து எதிர்த்திசையில் ஓடும் காற்று வளையம் அண்டைப் புயலை விலக்கி நிறுத்துகிறது என்பது 2020இல் முன்வைக்கப்பட்ட விளக்கம்.