கடைசலும் கலையழகும்



இறைத்தூதர் ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. மரத்தில் உழைக்கும் கைகளுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? அத்தச்சுக் கலையின் ஒரு கிளையே மரக்கடைசல்.

சுழலும் மரத்தின்மீது உளியை அணைத்துப் பிடித்தால் மரம் உருண்டு திரண்டு வடிவம் பெறும். கட்டில் காலும் பம்பரமும் இவ்வாறு பிறந்தவையே. கெய்ரோ நகரின் பழைய இல்லங்களில் 'மஷ்ரபிய்யா' எனும் மரப்பின்னல் சாளரங்கள் உண்டு. வீட்டுப் பெண்டிர் வெளியே காணவும், வெளியார் உள்ளே காணாதிருக்கவும், காற்று தவழ்ந்து வரவும் அமைந்தவை அவை. கைவினைஞர் தரையில் அமர்ந்து, வில்லின் நாணால் மரத்தைச் சுழற்றி, காலையும் துணைக்கழைத்து உளி பிடித்தனர். நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை ஒரே அளவில் அமைத்துத் தந்தவை கண்ணும் கைப்பழக்கமுமே.

அலங்காரக் கடைசல்

இத்தகைய ஒழுங்கை ஐரோப்பியர் இயந்திரத்தின் வழியே தேடினர். அதன் பயனே அலங்காரக் கடைசல் இயந்திரம். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் இக்கலையில் பெருவிருப்பம் கொண்டு தம் கையாலேயே கடைந்தார். இலண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் நிறுவனம் 1795-இல் தன் முதல் இயந்திரத்தை விற்றது. காலப்போக்கில் ஏறத்தாழ 2,500 இயந்திரங்களை உருவாக்கியது. விலை மிகுதியால் அவை பெரும்பாலும் செல்வர் இல்லங்களையே சென்றடைந்தன.

சாதாரணக் கடைசலில் மரம் சுழலும், உளி நிற்கும். இங்கோ மரம் நிற்க, சிறு வெட்டுளி சுழல்கிறது. மரத்தைத் தாங்கும் சக்கரத்தில் வட்ட வரிசைகளாகத் துளைகள் உண்டு. 96 துளைகள் கொண்ட வரிசையில், நான்கு துளைக்கு ஒருமுறை முளையைச் செருகி நிறுத்தி வெட்டினால் 24 இதழ்கள் மலரும். 23 இதழ்களைச் செவ்வனே வெட்டி, இறுதி இதழில் ஒரு துளை பிசகினாலும் அத்தனை உழைப்பும் வீண்!

உப்புத்தாள் உதவாத இடம்

இயந்திரம் வாய்த்தால் எவரும் கலைஞராகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் சாதாரணக் கடைசலால் கிண்ணமோ பேழையோ பிழையற உருப்பெற வேண்டும். பூவேலை அதன் பிறகே. கோணல் வடிவத்தின்மேல் வெட்டிய கோலம் அக்கோணலையே எடுத்துக்காட்டும்.

வெறுங்கிண்ணமாயின் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். நுண்ணிய இதழ்களைத் தேய்த்தாலோ அவற்றின் விளிம்புகள் மழுங்கிவிடும். ஆகவே வெட்டுளியைக் கூர்தீட்டுவதோடு நில்லாது, அதனைக் கண்ணாடிபோல் மெருகிட்டுக்கொள்கின்றனர். உளியின் பளபளப்பே மரத்தின் பளபளப்பாகிறது. பின்னர்த் திருத்த வழியில்லை. முன்னரே திருந்தியிருக்க வேண்டும்.

அறுக்கப்படும் பிராணி வதைபடாதிருக்கக் கத்தியை முன்னதாகவே தீட்டிக்கொள்ளுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். எச்செயலையும் செம்மையுறச் செய்வதே 'இஹ்ஸான்'.

பெற்றோர்களே! எழுத்துகளின் உச்சரிப்புத் திருந்துமுன் இனிய இராகத்தில் ஓதப் பழக்குமாறு வற்புறுத்துவோர் நம்மில் உண்டு. ஒருமுறை நானும் அதற்கு இணங்கினேன். அம்மாணவரின் குரலை ஊரார் மெச்சினர். இராகத்தோடு உறைந்துபோன பிழையைக் களைய நாங்கள் இருவரும் பட்டபாடு பெரிது. அந்நாள் முதல், மக்ரஜ் திருந்தாத நாவுக்கு இராகம் கற்பிப்பதில்லை என்று உறுதி பூண்டேன்.

அடித்தளம் செம்மையுற்றபின் அலங்காரம் வரட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அப்பொறுமையை அருள்வானாக! ஆமீன்.