இறையாத கிணறும் மீன்தொட்டியும்

‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்’ என்னும் பழமொழியை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டிலே, சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்கிய மழைநீரைத் துலா மிதித்தும், பின்னர் இயந்திரம் பூட்டியும் இறைத்து வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும் அதே நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி வண்ணமீன்களை விடும்போது மட்டும் அப்பழமொழியை மறந்துவிடுகிறோம்.

மாலையில் துள்ளித் திரிந்த மீன்கள் விடியற்காலையில் நீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும்; ஒன்றிரண்டு மிதக்கும். பிள்ளைகள் கண்கலங்குவர். ‘ஏதோ நோய்’ என்று பெரியவர்கள் முடிவுகட்டுவர். பல வேளைகளில் அது நோயன்று, மூச்சுத்திணறலே.

20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். நம்மூர் வெப்பமாகிய 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஒட்சிசன் தேவையும் ஏறுகிறது. இரவில் நீர்ச்செடிகளும் ஒட்சிசனைக் கொடாமல் எடுத்துக்கொள்வதால், விடியும் வேளையே மிகவும் இடுக்கமான வேளை.

மேற்பரப்பில் கரைந்த ஒட்சிசன் தானாகவே அடிக்கு இறங்காதோ எனலாம். இறங்கும், ஆனால் காற்றில் பரவுவதிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக! புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பலரும் அறிவர். அங்கே உப்பின் பாரம் காரணம். தொட்டியில் காரணம் வேறு. எனினும் அசையாத நீர் மேலொன்றும் கீழொன்றுமாக நிற்கும் என்பதற்கு நல்ல சான்று அது.

பம்பியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. காற்றுப்பம்பி விடும் குமிழிகளே மீனுக்கு மூச்சளிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். குமிழியிலிருந்து கரைவது சிறிதளவே. அவை மேலெழும்போது அடிநீரைத் தம்முடன் இழுத்துவந்து மேற்பரப்பைப் புரட்டுவதே பெரும் பயன். நீருக்குள் அமிழ்த்தும் பம்பியும் இதையே செய்கிறது. மணித்தியாலத்துக்குத் தொட்டிநீர் நான்கைந்து முறை சுழன்றாற் போதும் என்பது பொதுவான கணக்கு. 60 லீற்றர்த் தொட்டிக்கு 250 முதல் 300 லீற்றர் வரை இறைக்கும் சிறு பம்பி போதுமானது. நீரை ஒரு முனையில் அடியில் உறிஞ்சி, மறுமுனையில் மேற்பரப்பு நெளியும்படி விடுதல் வேண்டும். அப்படியும் மூலையொன்றில் கழிவு குவியுமானால் வாயின் திசையைச் சற்றே மாற்றுக.

ஓடும் நீர் இன்னொன்றையும் செய்கிறது. மீன்கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. வடிகட்டியில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். எஞ்சும் நைத்திரேற்றைப் பம்பி நீக்காது. நீரை மாற்றியே குறைக்க வேண்டும். வலிகாமத்தில் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்த கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று முன்னரே மிகுந்திருப்பதால், அந்நீரை மாற்றியும் பயனில்லை. சேமித்த மழைநீரைக் கலப்பது நன்று. கிணற்றுநீரின் வன்மையைப் பற்றிக் கவலை வேண்டாம். கப்பிக்கும் மொலிக்கும் அது பிடித்தமானதே. சண்டைமீன் வளர்ப்போர் மாத்திரம் ஓட்டத்தை மிக மெதுவாக்குக. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்க வல்லது, வேகநீரில் இளைத்துப்போகும்.

இனி மின்வெட்டு. 1990இன் பின் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்த குடாநாட்டுக்கு இது புதிதன்று. 2022 மார்ச் இறுதியிலோ நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அத்தகைய வேளையில் மீனுக்கு உணவிடலாகாது. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி கைவசமிருந்தால் நன்று. இல்லையேல் குவளையால் நீரை அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுக. பிள்ளைகள் இதை விருப்போடு செய்வார்கள். காற்றுப்பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதும் அவசியம். கீழே இருப்பின், மின்சாரம் நின்றதும் குழாய்வழியே நீர் இறங்கிப் பம்பியைக் கெடுக்கும். மூடிய வடிகட்டி பல மணித்தியாலம் நின்றிருந்தால் உள்ளேயுள்ள பற்றீரியாக்கள் மடிந்து நீர் நாறியிருக்கும். ஆதலால் மின்சாரம் வந்தவுடன் அதனை இயக்காமல், ஸ்பொஞ்சை வெளியே எடுத்து, வாளியில் அள்ளிய தொட்டிநீரில் அலசிய பின்னரே பூட்டுக.