வராகனெடையிலிருந்து கிலோகிராமுக்கு: வகுப்பில் ஓர் அளவீட்டுப் பாடம்

தண்டையார்பேட்டை மாணவர்கள் தினமும் பார்ப்பவை துறைமுகச் சரக்கு லாரிகள். அவற்றின் சுமை டன் கணக்கில் சொல்லப்படுகிறது. சற்றுத் தெற்கே உள்ள தங்கசாலையோ நாணயம் அச்சிட்ட இடத்தால் பெயர் பெற்றது. நாணயத்தையும் சரக்கையும் இணைக்கும் கணக்கு நம் பழைய வாய்பாட்டிலேயே இருக்கிறது.

10 வராகனெடை = 1 பலம்
40 பலம் = 1 வீசை
8 வீசை = 1 மணங்கு
20 மணங்கு = 1 பாரம்

இவற்றைப் பெருக்கினால் 1 பாரம் = 64,000 வராகனெடை. வராகன் என்பது பொன் நாணயம். மதராஸில் புழங்கிய நட்சத்திர வராகனின் நிறை சுமார் 3.4 கிராம். அப்படியானால் 1 பாரம் 217.6 கிலோகிராம்.

இனி வேறு வழியில் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்து மதராஸ் கணக்கில் 3 தோலா 1 பலம். 1835ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாயும் 1 தோலாதான். அதாவது 180 கிரெயின், 11.66 கிராம். இதன்படி 1 பலம் 34.99 கிராம், 1 பாரம் 223.9 கிலோகிராம். விடைகளுக்கிடையே 6 கிலோவுக்கு மேல் வேறுபாடு!

எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். பெருக்கலில் பிழையில்லை. தோலா, சட்டம் வரையறுத்த அளவு. ஆனால் 3.4 என்பது இரண்டு முக்கிய எண்ணுருக்கள் மட்டுமே கொண்ட தோராய மதிப்பு. உண்மை மதிப்பு 3.35 முதல் 3.45 வரை எங்கும் இருக்கலாம். அதை 64,000 மடங்காக்கினால் விடை 214 முதல் 221 கிலோ வரை நகரும். எனவே 217.6இல் உள்ள 7.6க்குப் பொருளில்லை, ‘சுமார் 220 கிலோ’ என்பதே நேர்மையான விடை. தோலா வழியில் கிடைத்த 223.9ஐயும் இரண்டு எண்ணுருக்களுக்குச் சுருக்கினால் 220தான். கணிப்பான் காட்டும் இலக்கங்கள் எல்லாம் அளந்து அறிந்தவை அல்ல.

இன்னொரு கருத்தையும் இங்கே தெளிவாக்கலாம். ‘வராகனெடை’ என்று பெயர் இருந்தாலும், இருதட்டுத் தராசு ஒப்பிடுவது நிறையை. கிரேன் கயிறு தாங்க வேண்டியதோ எடையை. 224 கிலோகிராம் சுமையைத் தொங்கவிட்டால் கயிற்றின் மீதான விசை 224 × 9.8, அதாவது சுமார் 2,200 நியூட்டன். பொறியாளர் கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் ஆபத்து.

வகுப்பில் செய்ய: 2011இல் வெளிவந்த வரிசையின் 1 ரூபாய் நாணயம் 3.79 கிராம். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் ஒரு நாணயத்தை வைத்தால் 4 என்று காட்டும். அதே வகை நாணயங்கள் இருபதைச் சேர்த்து வைத்தால் சுமார் 76 காட்டும். 20ஆல் வகுத்தால் 3.8. தராசை மாற்றாமலே ஒரு இலக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது. 2019 வரிசை நாணயம் 3.09 கிராம் என்பதால் இரண்டையும் கலக்காமல் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பில் இதைச் சராசரியாகவும், மேல்நிலை வகுப்பில் அளவீட்டுப் பிழையாகவும் நடத்தலாம்.

1956இல் இயற்றப்பட்ட எடைகள், அளவுகள் தரச் சட்டம் வீசையையும் மணங்கையும் கடைகளிலிருந்து படிப்படியாக விலக்கியது. எந்த அலகில் அளந்தாலும், அறிந்த அளவுக்கு மட்டுமே இலக்கம் எழுத வேண்டும் என்ற விதி மாறவில்லை.