மோசூலில் ஒரு வரைபடப் போட்டி

வாசகர்களே, சுல்தான் நூருத்தீன் ஸங்கி மோசூலில் எழுப்பிய அந்நூரிப் பள்ளிவாசலையும் அதன் சாய்ந்த மினாராவையும் 2017 ஜூனில் ஐ.எஸ். கூட்டத்தார் வெடிவைத்துத் தகர்த்தனர். சுற்றியிருந்த பழைய நகரமும் போரில் இடிபாடாயிற்று. பள்ளி வளாகத்தைப் புதுப்பிக்க 2020 நவம்பரில் யுனெஸ்கோ உலகளாவிய வரைபடப் போட்டி அறிவித்தது. வந்தவை 123. எகிப்தியர் எண்மரின் வரைபடம் 2021 ஏப்ரலில் வென்றது.

தொழுகைக் கூடத்தின் பழைய தோற்றத்தை அவர்கள் காத்தனர், பெண்கள் தொழுமிடத்தை விரித்தனர் (நம்மூர்ப் பள்ளி நிர்வாகிகள் கவனிப்பார்களாக!). சுற்றுத் தெருக்களிலிருந்து ஐந்து வாயில்களும் வைத்தனர். ஆயினும், புதிய கட்டடங்களில் வளைகுடா நாட்டுச் சாயலே தெரிகிறது, மோசூலைக் காணோம் என்று ஈராக்கியக் கட்டடக் கலைஞர் சிலர் கண்டித்தனர். அதனை எளிதில் ஒதுக்க என் மனம் இடந்தரவில்லை. கொள்ளைநோய் பரவியிருந்த அந்நாளில், வரைபடம் அனுப்பியவருள் அத்தெருக்களில் நடந்து பார்த்தவர் எத்தனை பேரோ?