கிளம்பாமல் இருக்கும் உரிமை

1996 ஏப்ரல் 11 காலை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஷையான் விமான நிலையத்தில் மழை, இடிமேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் பறந்து சாதனை படைக்க வந்த 7 வயது ஜெசிகா டுப்ராஃப், அவள் தந்தை, பயிற்றுநர் மூவரும் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் கிளம்பினார்கள். மேலெழுந்த சற்று நேரத்திலேயே விமானம் விழுந்து மூவரும் இறந்தார்கள். கெட்டுக்கொண்டிருந்த வானிலை, அளவுக்கு மீறிய எடை, 6,000 அடிக்கு மேலான அந்த உயரத்தின் மெல்லிய காற்று ஆகியவற்றைச் சொன்ன தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இன்னொன்றையும் சேர்த்தது: இறுக்கிப் போட்ட பயணத்திட்டமும் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும். அதே ஆண்டு, உரிமமில்லாத சிறுவர் சாதனைக்காக விமானம் ஓட்டுவதற்குத் தடை வந்தது. அவசரத்துக்குத் தடை போட எந்தச் சட்டத்தால் முடியும்?

ஆனால் காத்திருப்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. அமெரிக்க விதிப்படி இறுதி முடிவு விமானியுடையது. செலவு செய்தவரோ கேமராக்காரரோ அவரைப் பறக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. தொலைதூரப் பயணத்துக்கு முன் வானிலையையும், திட்டம் தவறினால் மாற்று வழியையும் அறிந்துகொள்வது அவர் கடமை. பயணிக்கும் இறங்கிவிடும் உரிமை உண்டு; கதவு மூடும்வரை அதற்குச் செலவும் குறைவு. "மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே ஓட்டத் தெரிந்தவர்தானே?" என்பார்கள். அந்தப் பயிற்சி பெரிய விஷயம்தான்: 1954இல் இலினாய் பல்கலைக்கழகச் சோதனையில், அது இல்லாத 20 பேரும் பார்வை மறைந்ததும் சராசரியாக 178 விநாடிகளில் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சி இறக்கையில் படியும் பனியை உருக்காது, இடிமேகத்தின் கீழ்க்காற்றை அடக்காது. கடும் இடிமேகத்துக்கு 20 மைல் விலகிப் போகும்படி விமானத்துறை சொல்வது தேர்ந்த விமானிக்கும் சேர்த்துத்தான்.

முன்னறிவிப்பு அடிக்கடி பொய்க்கிறதே என்ற வாதமும் நியாயமானதே. பொய்த்தால் ஒருநாள் விடுதி வாடகை வீண், அவ்வளவுதான். காத்திராமல் கிளம்பி விபத்து நேர்ந்தால் பரிகாரம் மெலிந்துவிடும்: வாரியம் விபத்துக்குச் சொல்லும் காரணத்தை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாக வைக்கச் சட்டம் இடந்தராது, குடும்பம் வேறு ஆதாரங்களைக் கொண்டுதான் வழக்கை நிறுவ வேண்டும். ஆகவே பரிகாரத்தைத் தரையிலேயே தேட வேண்டும். வரவேற்கக் காத்திருப்பவர்களிடம் ஒரே தேதியைச் சொல்லாமல் மூன்று நாள் இடைவெளி சொல்லலாம். பணம் திரும்பக் கிடைக்கும் பெருவிமானச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.