கிதார் ஒலிபெருக்கிக்கு ஒரு கடிவாளம்

கடலூருக்குப் பக்கத்தில், கெடில ஆற்றங்கரையில் உள்ளது திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோவில் கொண்ட ஊர். முகூர்த்த நாள் வந்துவிட்டால் போதும், அங்கே ஒரே காலையில் பல கலியாணங்கள் நடக்கும். எங்கு பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக மணமக்கள்!

நாதசுரமும் தவிலும் முழங்கும். மூச்சை நிறைத்து ஊதினால்தான் நாதசுரத்துக்குக் கம்பீரம். அதையே ஒரு சின்ன அறைக்குள், அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் ஊதச் சொன்னால் என்ன ஆகும்? கம்பீரம் போய்விடும்.

கலியாண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது. அதில் மின்சாரக் கிதாரும் உண்டு. வால்வு வைத்த ஒலிபெருக்கியில் வாசிக்கும் கிதார்காரருக்கும் இதே கஷ்டம்தான். அவர் வீட்டில் பழகும்போது கஷ்டம் இன்னும் அதிகம்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்தது ஒரு சின்னக் குமிழ்.

வால்வு என்ன செய்கிறது?

மின்சாரக் கிதாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும். அது மிகவும் சொற்பம். அதனால் ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அதைப் பெருக்குவதுதான் வால்வின் வேலை.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பி. இப்படிப் பெருக்கும் வால்வை 1906-ம் ஆண்டில் அமைத்தவர் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட். குப்பிக்குள் ஒரு கம்பி வலை இருக்கிறது. வலைக்கு வரும் சிறு மின்சாரம், குப்பிக்குள் ஓடும் பெரிய மின்சாரத்தை ஆட்டி வைக்கிறது. மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

சின்னக் கிதார் ஒலிபெருக்கிகளில் பெயர் பெற்றது "சாம்ப்". அமெரிக்காவில் ரேடியோ பழுது பார்த்து வந்த லியோ பெண்டர் என்பவரின் கம்பெனி செய்தது. அதன் சக்தி சுமார் 5 வாட். உள்ளே முன் வரிசை வால்வு ஒன்று. ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு ஒன்று. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே குமிழ்.

சத்தத்தில் ஒரு சுவை

குமிழைக் குறைவாக வைத்தால் ஒலி தெளிவாக வரும். முழுவதும் திருப்பினால் வால்வு திணறும். ஒலி அலையின் உச்சிகள் மழுங்கிப் போகும். அப்போது ஒரு கரகரப்பு பிறக்கிறது. முதலில் அதைக் குறை என்றுதான் எண்ணினார்கள். பிறகு அதுவே மேல்நாட்டுக் கிதார் இசைக்கு உயிர் ஆகிவிட்டது!

ஆனால் சுவை வேண்டுமானால் சத்தமும் கூடவே வருகிறது. 5 வாட் என்றால் அற்பம் என்று நினைக்க வேண்டாம். தொட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்ப அது தாராளமாகப் போதும்.

இரண்டு மடைகள்

வீராணம் ஏரிப் பாசன விவசாயிக்கு இதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி மதகைத் திறந்தால் வாய்க்கால் நிரம்பி ஓடும். ஆனால் தன் வயலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் வயல் மடையில் அல்லவா பார்த்துக்கொள்கிறார்?

ஒலிபெருக்கியிலும் அப்படியே செய்தார்கள். பழைய குமிழ் ஏரி மதகு. அதை நன்றாகத் திறந்தால் முன் வரிசை வால்வு திணறி, கரகரப்பைத் தரும். கடைசி வால்வுக்கு முன்னால் இன்னொரு குமிழ் வைத்தால் அது வயல் மடை. வெளியே வரும் சத்தம் அதற்கு அடங்கும். இதற்கு "மாஸ்டர் வால்யூம்" என்று பெயர். இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனி 1970-களின் நடுவில் தன் பெரிய ஒலிபெருக்கிகளிலேயே இதை வைத்து விற்றது.

பழைய பெட்டியில் இதைச் சேர்ப்பது மெக்கானிக்குக்குப் பெரிய வேலை அல்ல. புதுக் குமிழுக்கு மூன்று கால்கள். ஒரு கால் முன் வால்வின் கண்டென்சருக்கு. நடுக்கால் கடைசி வால்வின் வலைக்கு. மூன்றாம் கால் பெட்டியின் இரும்புத் தகட்டுக்கு. அங்கே முன்பு இருந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக இந்தக் குமிழ் உட்காருகிறது.

ஒரு குறையும் உண்டு. கடைசி வால்வும் ஸ்பீக்கரும் முழு மூச்சாக உழைக்கும்போது வரும் கனம் இதில் வராது. ஒலி சற்று மெலிந்திருக்கும். ஆனாலும் வீட்டில் பழக இது போதும்.

உயிரோடு விளையாடாதீர்!

இந்த வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் பதிக்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வால்வுப் பெட்டிக்குள்ளோ 300 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

தெரிந்த மெக்கானிக் என்ன செய்வார்? தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் மூலம் வடிப்பார். மீட்டரை வைத்து வடிந்துவிட்டதா என்று பார்ப்பார். அதன் பிறகே கை வைப்பார். வீட்டுப் பிள்ளைகள் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கக் கூடாது. பெற்றோர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக் காது

ஒலியை அடக்குவது சட்டமும் சொல்லும் பாடம். 2000-ம் ஆண்டில் வந்த இந்திய அரசின் விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது ஒலியின் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இதற்கு ஒரு சில விலக்குகள் மட்டுமே உண்டு.

சத்தம் வேறு, சுவை வேறு. இரண்டையும் ஒரே குமிழில் கட்டிப் போட்டதால் வந்தது தொல்லை. குமிழ் இரண்டானதும் பிள்ளைக்குப் பாட்டும் கிடைத்தது. பாட்டிக்குத் தூக்கமும் கிடைத்தது!